வேலையை விடாமல் வேதபாடம்: டி.இ.இ. பயிற்சி தேறுமா?

சபைத் தலைவர்களுக்கான எந்தப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் விழுமியங்கள் வரிசையாக நிற்கும்: கிறிஸ்துவின் குணம், வேதத்துக்குக் கீழ்ப்படிதல், பணிவிடை செய்யும் மனம். அவற்றோடு யாருக்கும் சண்டை இல்லை. அதனாலேயே அவற்றை வைத்து ஒரு பயிற்சியை எடைபோடவும் முடியாது. வாரத்தின் நேரம் எதற்குப் போகிறது, மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறது, "இவர் இன்னும் தயாரில்லை" என்று ஒருவரை நிறுத்திவைக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். டி.இ.இ. எனப்படும் விரிவாக்க இறையியல் கல்வியை அந்தத் தராசில் வைத்தால், முதல் கேள்வியில் நன்றாகவே தேறுகிறது. மற்ற இரண்டில் தடுமாறுகிறது.

இந்த முறை 1963இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் செமினரியில் தொடங்கியது. ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் இதை உருவாக்கியதில் முக்கியமானவர்கள். சபைகளை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் குடும்பமும் பிழைப்பும் உள்ளவர்கள். அவற்றை விட்டுவிட்டு விடுதிக் கல்லூரிக்கு அவர்களால் வர முடியாது. அதனால் ஆசிரியர் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார். ஏற்கெனவே சபையில் நிரூபிக்கப்பட்டவர்களுக்கே பயிற்சி என்ற விழுமியம் இதன் அமைப்பிலேயே இருக்கிறது. "நூதன சீஷன்" (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்) கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவராக, ஆகக் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 3:6ஐ இதைவிட எளிதாக நடைமுறைப்படுத்த முடியாது. ஆனால் சில சபைகளில் வேறு வேலை கொடுக்கத் தெரியாத வாலிபர்களை எல்லாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது டி.இ.இ. வெறும் அஞ்சல்வழிப் படிப்பாகிவிடுகிறது.

பாகங்கள் மூன்று: வீட்டுப்பாடம், வாராந்தரக் கூடுகை, சபையில் செய்முறை. டெட் வார்டு என்ற கல்வியாளர் இதற்கு வேலியை உவமையாகச் சொன்னார். மேல் கம்பி படிப்பு, கீழ்க் கம்பி ஊழிய அனுபவம், இரண்டையும் பிடித்து நிறுத்தும் கால்கள் கூடுகைகள்.

வீட்டுப்பாடம் பெரும்பாலும் திட்டமிட்ட பயிற்றுமுறையில் இருக்கும்: சிறு பத்தி, ஒரு கேள்வி, உடனே சரிபார்க்க விடை. பள்ளிப்படிப்பு குறைந்தவரும் தனியாக முன்னேறலாம் என்பது இதன் பெரும் பலம். கோடிட்ட இடத்துக்கான சொல் மேல் வரியிலேயே கிடந்தால் யோசிக்காமல் நிரப்பிவிடலாம் என்பது பலவீனம். வாங்குமுன் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, பத்தியைப் படிக்காமல் கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

இந்தப் பயிற்சியின் உயிர் கூடுகையில்தான் இருக்கிறது. கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் சிறு தேர்வு, இருபது நிமிடம் வீட்டுப்பாடச் சிக்கல்கள், ஒரு மணி நேரம் கலந்துரையாடல், மீதி செய்முறை அறிக்கைக்கும் ஜெபத்துக்கும். எட்டுப் பேர் இருந்தால் கலந்துரையாடலில் ஆளுக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். இருபது பேரானால் மூன்று நிமிடம். நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பத்தைத் தாண்டினால் குழுவைப் பிரித்துவிடுவதே நல்லது.

அடுத்த கோளாறு, கூடுகையை நடத்தும் வழிநடத்துநர் பிரசங்கியாகிவிடுவது. அவர் பாடத்தை மறுபடி விளக்கத் தொடங்கினால், "வீட்டில் படிக்காவிட்டாலும் பாஸ்டர் சொல்லிவிடுவார்" என்று இரண்டு மூன்று வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு கூடுகை தொடங்குமுன் வாசலில் நின்று விடையைப் பார்த்து எழுதுவார்கள். படிக்காமல் வந்தவருக்காகப் பாடத்தைத் திரும்ப நடத்தாமல் இருப்பதே மருந்து. சபைப் போதகரே வழிநடத்துநராக இருந்தால் இன்னொரு சங்கடம்: அவரை மறுத்துப் பேச எவருக்கும் வாய் வராது. "நீங்கள் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடாமல் அதட்டுகிறீர்கள்" என்று ஓர் ஞாயிறுபள்ளி ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்பது போன்ற விவாதங்களில் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால், அது போதகரின் பதில்.

செய்முறை பல பாடத்திட்டங்களில் பெயரளவுக்கு மட்டுமே இருக்கிறது. "இந்த வாரம் ஒரு நோயாளியைச் சந்தித்தேன்" என்று எழுதினால் கையெழுத்து விழுந்துவிடும். அதற்குப் பதிலாக, சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர் கூடவே போய்ப் பார்த்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரவேண்டும்: மாணவர் எவ்வளவு நேரம் கேட்டார், எவ்வளவு நேரம் பேசினார், கேட்ட ரகசியத்தை வெளியே சொன்னாரா?

எழுத்துத் தேர்வுக்கே மதிப்பெண் போவதுதான் பெரிய குறை. 1 தீமோத்தேயு 3:2–7இல் கண்காணிக்குரிய தகுதிகளைப் படித்தால், திறமை என்று சொல்லத்தக்கது "போதகசமர்த்தன்" (போதிக்கும் திறன் உள்ளவர்) ஒன்றுதான். மற்றவை குணம், குடும்பம், புறம்பானவர்களிடம் நற்சாட்சி. இவற்றைக் கோடிட்ட இடத்தில் நிரப்ப முடியாது. பாதிப் பயிற்சியில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டறியலாம்: மனைவி அல்லது கணவர், ஒரு மூப்பர், சபைக்கு வெளியே வேலையிடத்தில் இருக்கும் ஒருவர். மதிப்பெண் போட வேண்டாம். "தொடரலாம்" அல்லது "காத்திருக்கட்டும்" போதும். அந்த முடிவைச் சொல்லும் உரிமை சபை மூப்பர்களிடம் இருக்கவேண்டும், பாட நிறுவனத்திடம் அல்ல. சபையில் பணிவிடை செய்யும் உதவிக்காரர் விஷயத்தில் அப்போஸ்தலர் பவுல் "முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்" என்கிறார். ஆனால் சான்றிதழ் விழா தேதியைக் குறித்துவிட்ட பிறகு யாரையும் நிறுத்திவைக்க ஒருவருக்கும் மனம் வராது.

பண விஷயத்துக்குத் தனிப் பாடம் இல்லாத திட்டங்களும் உண்டு. பவுல் காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18–21). இரண்டு கூடுகைகளை இதற்கு ஒதுக்குங்கள்: உறவினரல்லாத இருவர் சேர்ந்து காணிக்கையை எண்ணுவது, அன்றே இருவரும் கையெழுத்திடுவது, ரசீது இல்லாமல் செலவு எழுதாதது, சொந்தக் கணக்கில் சபைப் பணத்தை வைக்காதது.

வேதத்தின் மூலமொழிகளான எபிரெயுவும் கிரேக்கும் ஆழமாக வேண்டுவோருக்கு இது போதாது. அவர்கள் கல்லூரிக்கே போகவேண்டும். மற்றவர்கள் பணம் கட்டுமுன் மாணவர் புத்தகத்தை விட்டுவிட்டு வழிநடத்துநர் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் வெறும் விடைப் பட்டியல்தான் இருக்கிறது என்றால், கூடுகைக்கான கேள்விகளை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.