பச்சை உறை, ஆரஞ்சு முனை: எபிபென் ஜூனியர் ஊசி, இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நியூ ஜெர்சியில் வசிக்கும் எங்கள் வீட்டில், வெளியே கிளம்பும்போது சாவி, கைப்பேசி ஆகியவற்றுக்கு முன்பாகத் தேடப்படும் பொருள், கடும் ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் போடும் தானியங்கி ஊசியான எபிபென் ஜூனியர்தான். மகளுக்கு முந்திரி ஆகாது என்பது அவளுடைய ஐந்தாம் வயதில் தெரியவந்தது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்று ஆகாதவர்களுக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது என்று ஒவ்வாமை மருத்துவர் விளக்கி, அன்றே இந்த ஊசியை எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாக இதைச் சுமந்து திரிந்தும், ஒருமுறை உண்மையிலேயே பயன்படுத்தியும் பெற்ற அனுபவத்தைக் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஒரு பெட்டியில் இரண்டு ஊசிகளும், மருந்தும் முள்ளும் இல்லாத சாம்பல் நிறப் பயிற்சிக் கருவி ஒன்றும் இருக்கும். பச்சை நிற அட்டை ஒட்டிய ஜூனியரில் 0.15 மில்லிகிராம் எபினெஃப்ரின், அதாவது அட்ரினலின் இருக்கிறது. அது 15 முதல் 30 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கானது. மஞ்சள் அட்டை ஒட்டிய பெரிய ஊசியில் அளவு 0.3 மில்லிகிராம். உருவத்தில் தடித்த எழுதுகோலைப் போன்றது என்றாலும் சட்டைப் பையில் அடங்காது. இடுப்புப் பையோ தோள்பையோ கட்டாயம் வேண்டும்.

கருவியின் வடிவமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். நீல மூடி வானத்தை நோக்கி, ஆரஞ்சு முனை தொடையை நோக்கி என்ற ஒரே விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நீல மூடியை நேர் மேலாக இழுத்து எடுத்துவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் செங்குத்தாக அழுத்தினால், 'டிக்' என்ற ஓசையோடு ஊசி பாய்கிறது. மூன்று விநாடி அப்படியே பிடித்திருந்து எடுக்க வேண்டும். உடையின் மேலாகவே போடலாம். ஊசியை எடுத்ததும் ஆரஞ்சு முனை நீண்டு முள்ளை மூடிக்கொள்வதால், கூட இருப்பவர்கள் கையில் குத்திக்கொள்ளும் அபாயம் இல்லை. முன்பு பத்து விநாடி பிடித்திருக்கச் சொன்னார்கள். குழந்தைகள் காலை உதறும்போது தோல் கிழிவதும் முள் வளைவதும் உண்டு என்பதால், நேரத்தைக் குறைத்ததோடு, காலை இறுகப் பிடித்துக்கொள்ளவும் இப்போதைய வழிமுறை வலியுறுத்துகிறது.

பயன்படுத்த நேர்ந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் பரிமாறிய காய்கறிக் குருமா கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காக முந்திரி அரைத்துவிடப்பட்டிருந்தது. கேட்டுவிட்டுத் தட்டில் போட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். இரண்டு வாய் சாப்பிட்டதும் "அப்பா, தொண்டை அரிக்குது" என்றாள். கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புகள் எழுந்தன. நாங்கள் செய்த பெரும் பிழை, ஊசியைப் பையில் வைத்துக்கொண்டே, அரிப்புக்கான செட்டிரிசின் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததுதான். பத்து நிமிடம் கழிந்தது. அதற்குள் வாந்தி எடுத்தாள். பிறகு விடாத இருமல், பேச்சில் கரகரப்பு.

செட்டிரிசின் தோலின் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். மூச்சுக்குழாய் சுருங்குவதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ அதனால் தடுக்க முடியாது. அனஃபிலாக்சிஸ் என்னும் இந்தக் கடும் ஒவ்வாமையில், ஒவ்வாமையைத் தூண்டும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரேயடியாகக் கொட்டிவிட, இரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்குகின்றன. அட்ரினலின் ஒன்றுதான் குழாய்களை இறுக்கி, மூச்சுவழியைத் திறந்து, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் மட்டுப்படுத்துகிறது. ஆகாத பொருளைத் தின்றபின் தோல், மூச்சு, வயிறு, இரத்த ஓட்டம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து பாதிக்கப்பட்டால் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது, நாங்களோ நண்பர் வீட்டில் இருந்தோம். இப்போது அதன் படி ஒன்று ஊசிப் பைக்குள்ளேயே இருக்கிறது.

சோபாவில் படுக்கவைத்து, மனைவி முழங்காலைப் பிடித்துக்கொள்ள, கால்சட்டையின் மேலாகவே போட்டேன். என் கை நடுங்கியது; ஆனால் இந்தக் கருவி நடுங்கும் கைக்காகவே செய்யப்பட்டது போல வேலை செய்தது. ஐந்து நிமிடத்துக்குள் இருமல் அடங்கத் தொடங்கியது. மகளின் முகம் வெளுத்து, விரல்கள் நடுங்கி, நெஞ்சு படபடத்தது. அது மருந்தின் இயல்பான விளைவு என்று முன்பே தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. அவள் எழுந்து நடக்க முயன்றபோது தடுத்தோம், ஏனெனில் இரத்த அழுத்தம் சரிந்த நிலையில் திடீரென எழுவது உயிருக்கே ஆபத்தாகலாம். மூச்சுத் திணறல் மிகுந்திருந்தால் சாய்ந்து உட்காரவைக்கலாம். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, மருத்துவமனையில் நான்கு மணி நேரம் கண்காணிப்பில் இருந்தோம். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதே காரணம். முதல் ஊசிக்கு அடங்காமல் போனால் ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதைப் போடலாம். பெட்டியில் இரண்டு இருப்பதும், இரண்டையும் பிரிக்காமல் எடுத்துச் செல்லச் சொல்வதும் அதற்காகத்தான்.

காலாவதியான ஒன்றை ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்த்தோம். ஒரே அழுத்தத்தில் பாய்ந்தது. பழத்தின் தோலில் ஒரு புள்ளி மட்டுமே தெரிந்தது. கருவிக்குள் பெரும்பகுதி திரவம் அப்படியே தங்கிவிடுகிறது. அது மிச்சம் அல்ல, மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது விலை. இரண்டு ஊசி கொண்ட பெட்டி 2007-இல் ஏறத்தாழ 100 டாலராக இருந்து, 2016-இல் 600 டாலரைத் தொட்டதும், அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விற்ற மைலான் நிறுவனத்தின் அன்றைய தலைவரை அழைத்து விசாரித்ததும் ஊரறிந்த கதை. பின்னர் அதே நிறுவனம் பாதி விலையில் பொதுப்பெயர் ஊசியை, அதாவது எபிபென் என்ற வணிகப் பெயர் இல்லாத அதே ஊசியை, கொண்டுவந்தது. 2018-இல் தேவா நிறுவனத்தின் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. காப்பீடு இல்லாதவர்கள் மருந்துக் கடையில் பொதுப்பெயர் ஊசியைக் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டாவது, 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கை: நீல மூடியைப் பக்கவாட்டில் நெம்பினால் ஊசி தானாகப் பாயக்கூடும், சில கருவிகளை உறையிலிருந்து எடுப்பது கடினம். வாங்கியதும் உறையிலிருந்து எளிதாக வழுக்கி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்றாவது, வெப்பம். இதை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்த காருக்குள் விடக் கூடாது, குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது.

கடைசிக் குறிப்பு எங்களுக்கு மதுரையில் கைகொடுத்தது. இன்சுலினைப் போன்றதுதான் என்று நினைத்து, அம்மா இதைப் பரிவோடு குளிர்பதனப் பெட்டியில், கறிவேப்பிலைக்கு அருகில் வைத்துவிட்டார். நல்லவேளை, அரை மணி நேரத்தில் கண்டுவிட்டோம். இந்தியாவில் இத்தகைய தானியங்கி ஊசிகள் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவமனைகளில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் கொண்ட அட்ரினலின் குப்பிதான் உண்டு, அதைத் தொடைத் தசையில் போடுவார்கள். ஊருக்குச் செல்பவர்கள் மருத்துவரின் கடிதத்தோடு, கைப்பெட்டியில், வேண்டிய அளவு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே 108-ஐ அழைக்க வேண்டும்.

முள்ளுக்கு அஞ்சுபவர்களுக்கு உதவும் வகையில், 2024-இல் நெஃபி என்னும் மூக்குத் தெளிப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. குரலால் வழிநடத்தும் ஆவி-க்யூ ஊசியும் உண்டு. நாங்கள் இரண்டையும் பயன்படுத்தியதில்லை. மகளின் எடை இப்போது 25 கிலோவை எட்டியிருக்கிறது. இந்த எடையிலேயே பெரிய அளவுக்கு மாறலாம் என்று குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதால், அடுத்த பெட்டி மஞ்சள் அட்டையோடு வரும். பச்சை நிறத்துக்கு மகள் இப்போதே விடை கொடுத்துவிட்டாள். பயிற்சிக் கருவியை மட்டும் தன் பொம்மைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.