சென்னைத் துறைமுகமா, சிங்கப்பூரா? வடசென்னைக் குடும்பங்களுக்கான சொகுசுக் கப்பல் பயண அலசல்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ சொகுசுக் கப்பல் பயணம் பற்றிப் பேச்சு எழுந்தால், துறைமுகத்தை வாசலிலேயே வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் ஏன் கப்பல் ஏற வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டு கட்டணங்களை மட்டும் எடுத்து வைத்து ஒப்பிட்டால் அதற்குச் சரியான விடை கிடைக்காது. சென்னையில் ஏறும் குறுகிய பயணத்தில் நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் கப்பலுக்காக. சிங்கப்பூரில் ஏறும் பயணத்திலோ கப்பலுக்கும் அது தொடும் ஊர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஊர் பார்க்கும் ஆசையோடு சென்னைக் கப்பலில் ஏறியவர்களும், ஓய்வெடுக்கும் எண்ணத்தோடு சிங்கப்பூர்க் கப்பலில் ஏறியவர்களும்தான் பெரும்பாலும் மனக்குறையோடு திரும்புகிறார்கள். எனவே, வீட்டில் இருப்பவர்களுக்கு இவற்றுள் எது வேண்டும் என்பதை முதலில் பேசி முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு விலைப்பட்டியலைத் திறப்பது நல்லது.

கப்பலை அடையும் வழியைப் பொறுத்தவரை சென்னைக்குப் போட்டியே இல்லை. ராஜாஜி சாலையில் கடற்கரை ரயில் நிலையத்திற்கு எதிர்ப்புறம்தான் துறைமுகம். திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். கண்டெய்னர் லாரிகளின் நெரிசலுக்காகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். எந்த வாயில் வழியாக உள்ளே விடுவார்கள் என்பதைப் பயணச்சீட்டோடு வரும் அறிவிப்பில் முன்பே பார்த்துக்கொள்ளவும் வேண்டும். சிங்கப்பூருக்கு, விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை வண்டி மாறாமல் மெட்ரோவில் போகலாம் என்றாலும், அதற்குமேல் விமான நிலையக் காத்திருப்பும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணமும் இரண்டரை மணி நேரக் கடிகார வேறுபாடும் இருக்கின்றன. கப்பல் புறப்படும் அதே நாளில் சிங்கப்பூரில் இறங்கும்படி விமானச் சீட்டு எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. முந்தைய நாளே போய்த் தங்குவதுதான் பாதுகாப்பு. அந்த ஓர் இரவின் விடுதிக் கட்டணத்தைக் கப்பல் செலவாகவே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து உல்லாசப் பயணமாகப் புறப்படும் கப்பல் என்றால் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது, 2022 ஜூன் மாதம் முதல்வர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல். அது 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்திற்காகக் கடலில் இறங்கியது. ஏறத்தாழ 48,500 டன் கொள்ளளவும் 210 மீட்டர் நீளமும் உடையது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் 2016-இல் வந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 1,50,000 டன், நீளம் 335 மீட்டர். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது சரியாகாது. நீர்ச்சறுக்குகள், பெரிய அரங்குகள், வகைவகையான உணவகங்கள் என்று பெரிய கப்பலில் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை சிறிய கப்பலில் அதே அளவில் கிடைக்கமாட்டா. ஆனால் முழங்கால் வலியுள்ள பெற்றோருக்குச் சிறிய கப்பல் பெரிய வசதி. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்திற்கு நடக்கும் தூரம் குறைவு, பேரப்பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, பணியாளர்களிடம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சில நேரம் தமிழிலோ பேசிச் சமாளிக்கலாம். சாப்பாடும் நம் நாட்டுப் பயணிகளை நினைத்தே சமைக்கப்படுகிறது. முதன்முறை கப்பல் ஏறும் கூட்டுக் குடும்பத்திற்குச் சென்னைக் கப்பலே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கருத்தோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு இரவுப் பயணம் என்று விளம்பரம் சொல்வது மூன்று நாள் பயணம் அன்று. முதல் நாள் பிற்பகல் ஏறி, மாலையில் புறப்பட்டு, மூன்றாம் நாள் காலையில் இறங்கிவிடுகிறோம். முழுதாகக் கையில் கிடைப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நாள். ஆழ்கடல் வரை சென்று திரும்பும் இத்தகைய பயணத்தில் கப்பல் எந்த ஊரிலும் நிற்பதில்லை. ஆகவே, ஏறும் நாளின் பிற்பகலை வீணாக்காதவர்களே கொடுத்த பணத்தின் பயனை முழுமையாகப் பெறுகிறார்கள். இணையவழிப் பதிவை முன்பே முடித்து, கப்பல் ஏறுவதற்கான மிக முந்தைய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடலாம் என்பதால், நீச்சல் உடை, மாத்திரைகள், மாற்றுத் துணி ஆகியவற்றைத் தோள்பையில் வைத்துக்கொண்டால், மற்றவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைகள் கூட்டமில்லாத நீச்சல் குளத்தில் இருப்பார்கள். இரண்டு இரவுக்கும் நான்கு அல்லது ஐந்து இரவுக்கும் இடையே தடுமாறினால், நீண்டதைத் தேர்ந்தெடுங்கள். கப்பலின் அமைப்பு பழகவே முதல் நாள் கழிந்துவிடும். அதன் பிறகுதான் ஓய்வு தொடங்கும்.

பருவமும் பயணத்தின் தரத்தை மாற்றிவிடும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில்தான் எம்ப்ரஸ் கப்பல் கிழக்குக் கரைக்கு வருவது வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம் என்பது காசிமேட்டில் எந்தப் படகோட்டியைக் கேட்டாலும் தெரியும். அந்த மாதங்களில் பயணத் தடம் மாறலாம் என்பதை எதிர்பார்த்தே முன்பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை கப்பல் செல்லும் மலாக்கா நீரிணை, சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்திற்கும் இடையே ஒதுங்கிக் கிடப்பதால் பொதுவாக அலை குறைவானது. அதையும் தாண்டி அந்தமான் கடலில் புக்கெட் வரை செல்லும் பயணமானால், மே முதல் அக்டோபர் வரை ஆட்டம் இருக்கும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலாக்கா நீரிணையைவிடப் பொருத்தமான தடம் நம் பக்கத்தில் இல்லை. குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு விழுங்குவதால் அதிகப் பயன் இல்லை. மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது.

அறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் மக்கள் அதிகப் பணத்தை இழக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை என்று விலை படிப்படியாக ஏறுகிறது. இரண்டு இரவுப் பயணத்தில், இரவு நிகழ்ச்சி முடிந்து தூங்க மட்டுமே அறைக்கு வரும் இளைஞர்களுக்குப் பால்கனி வீண் செலவு. அதே பணத்தில் உள்ளறையில் இன்னும் ஓரிரு இரவுகள் கூடுதலாகப் பயணம் செய்யலாம். கூட்டத்தில் உட்கார முடியாத முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்கும் பால்கனி அவசியமே, ஏனெனில் அவர்கள் பகலின் பெரும்பகுதியை அறையில்தான் கழிப்பார்கள். விலையைவிட முக்கியம், அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறை குறைவாக ஆடும். முன்முனையிலும் பின்முனையிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம். தளத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்து, மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தைத் தேர்ந்தெடுத்தால், நடன அரங்கின் சத்தமோ அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தமோ தூக்கத்தைக் கெடுக்காது. அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவுச் சீட்டை எடுத்தால் இந்தத் தெரிவு உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டணத்தை ஒப்பிடும்போது, விளம்பரத்தில் உள்ள தொகை ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் அடிப்படைத் தொகை மட்டுமே. அதன்மேல் வரி, துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் ஆகியவை சேரும். மூன்றாவது, நான்காவது நபருக்குப் பொதுவாகக் குறைவாக வாங்குகிறார்கள். தனியாகப் பயணிப்பவர் ஏறக்குறைய இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட நேரிடும். சிங்கப்பூர்ப் பயணத்தில் விமானம், விசா, முந்தைய இரவு விடுதி ஆகியவற்றோடு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் முன்கூட்டியே பிடிக்கப்படும் டிசிஎஸ் வரியும் உண்டு. அது வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யப்படும் என்றாலும் இன்று கையிலிருந்து போகும் பணம்தான். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வெளியேறித் திரும்பி வருவது மீண்டும் ஒரு நுழைவாகக் கொள்ளப்படும் என்பதால், விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இவ்வளவு செலவழித்துப் போவதற்குச் சிங்கப்பூர்க் கப்பலில் கிடைக்கும் உண்மையான பலன் பினாங்குதான் என்பேன். வடசென்னைக்காரர்களுக்கு அது அயலூர் அன்று. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகத்தான் சிங்கப்பூர் சென்றது. அதன் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே ஓய்ந்தது. மண்ணடியிலும் பர்மா பஜார்ப் பக்கத்திலும் அக்கப்பல்களில் போய்வந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும்போது, 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனுக்குள் நடந்தே போகலாம். குயின் வீதியில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கடைகளில் தமிழிலேயே பேசலாம். இங்கே கப்பல் நிறுவனம் விற்கும் கரைச்சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பது தேவையற்றது.

சிங்கப்பூர்க் கப்பல் தொடும் மற்றோர் இடமான கிள்ளான் துறைமுகத்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கிருந்து கோலாலம்பூருக்கும் பத்துமலைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் மேலான சாலைப் பயணம். திரும்பும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டால், சொந்தமாக வாடகை வண்டி பிடித்துச் சென்றவருக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. அந்த உறுதிக்காகவே அங்கே கூடுதல் பணம் கொடுக்கலாம். எந்த ஊரில் இறங்கினாலும் கப்பல் நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தானாகவே கரை நேரத்திற்கு மாறிக் குழப்பும். கடலில் இருக்கும்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தொட்டுவிட்டால் ரோமிங் கட்டணம் மலைக்க வைக்கும்.

உணவில் இரு பக்கமும் குறையில்லை. ஜென்டிங் ட்ரீமில் ஹலால் உணவுக்கும் இந்தியச் சைவ உணவுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. சென்னைக் கப்பலில் ஜைன உணவு உட்படச் சைவம் தாராளம்.

மூன்றாவதாக ஒரு கப்பல் உண்டு. சொகுசை ஒதுக்கிவைத்துக் கடலை மட்டும் விரும்புகிறவர்களுக்கு அதையும் சொல்லியாக வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு அரசின் பயணிகள் கப்பல்கள் செல்கின்றன. சுமார் 1,200 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க இரண்டரை முதல் மூன்று நாட்கள் ஆகும். கூடத்தில் அடுக்குப் படுக்கை கொண்ட பங்க் வகுப்பிலிருந்து டீலக்ஸ் அறை வரை வகுப்புகள் உண்டு. சொகுசுக் கப்பலின் கேளிக்கைகளை எதிர்பார்க்க முடியாது. தீவுவாசிகள் மருத்துவத்திற்கும் படிப்பிற்கும் வந்துபோகும் கப்பல் அது என்பதால், விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது கடினம். புறப்படும் தேதியும் மாறக்கூடும். கடலைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயணத்தில் கிடைக்கும் அமைதியை மற்ற இரண்டு கப்பல்களும் தர முடியாது. பிள்ளைகளையோ நோயுற்ற பெரியவர்களையோ அழைத்துச் செல்ல அது ஏற்றதன்று. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று திட்டமிட்டால் விடுப்பு நாட்களும் அதிகம் செலவாகாது. ஆனால் கப்பல் தேதி உறுதியாகும் வரை, ரத்து செய்ய முடியாத விமானச் சீட்டை எடுக்கக் கூடாது.