155-ம் சரி, 13-ம் சரி. நடுவில் இருக்கும் எண்ணில்தான் என்னை ஏமாற்றினார்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் சமீபத்தில் சின்ன காருக்கு டயர் மாற்றியவர்கள் இதைப் படித்த கையோடு வண்டியருகே குனிந்து, டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். நான் அதைச் செய்யாததால் 14,600 ரூபாய் போனது. பணத்தை விடுங்கள், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு உரசுகிற டயரோடு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

என்னுடையது 2016 ஆல்ட்டோ கே10. கம்பெனியில் வந்த டயர் 155/65 ஆர்13. போன வருஷம் நாலும் மொட்டையாகிவிட்டதால், காரைக்குடியில் ஓரளவு பெரிய டயர் கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் பழைய டயரைப் பார்த்தார். "155, 13 இஞ்சு. இருக்குண்ணே, புது ஸ்டாக்" என்றார். அரை மணி நேரத்தில் நாலும் மாட்டி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்துக் கொடுத்தார்கள். வண்டி கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. புது டயர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கண்ணில் பட்டது மைலேஜ். நான் எப்போதும் டேங்க் நிரப்பி மீட்டரைக் குறித்து வைப்பவன். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 18 சொச்சத்துக்கு இறங்கியது. கடைக்குப் போன் போட்டால், "புது டயர் ரோட்டைப் பிடிக்கும்ணே, ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். வண்டி இழுவையும் மந்தமாகத்தான் இருந்தது. மூன்றாம் கியரில் போகிற இடத்தில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா, ஆத்தா, தங்கச்சி வீட்டார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வைரவன்பட்டி கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது எங்கள் தெரு முனையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். அங்கே ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதில் இறங்கியதும் முன்பக்கம் 'பர்ர்ர்' என்று மரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பத்தா, "என்னடா, யாரு மேலயும் இடிச்சுட்டியா?" என்று பதறிப்போனார். இறங்கிப் பார்த்தால் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பலகை தேய்ந்து வெளுத்திருந்தது. டயரின் தோள்பட்டையில் பளபளவென்று ஒரு கோடு.

அடுத்த நாள் கோட்டையூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் போனட்டைக்கூடத் திறக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துவிட்டு, "தம்பி, வாசிங்க" என்றார். 155/80 ஆர்13. "இது செலெரியோ, வேகன்ஆருக்குப் போடற டயரு. உங்க வண்டிக்கு 65. ஸ்டெப்னியைப் பாருங்க" என்றார். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியில் 155/65. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம் வித்தியாசம்.

அந்த நடு எண் என்னவென்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். 155 மில்லிமீட்டர் அகலத்தில் 65 சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம், அதாவது சுமார் 101 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து, 13 இஞ்சு ரிம்மின் 330 மில்லிமீட்டரையும் கூட்டினால் முழுச் சக்கரம் 532 மில்லிமீட்டர் வருகிறது. 80 என்றால் பக்கவாட்டு உயரம் 124, முழுச் சக்கரம் 578. ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் பெரிசு, கணக்கில் 8.7 சதவீதம். கம்பெனி அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது டயர் வேலை தெரிந்தவர்களின் பொதுக்கணக்கு.

மைலேஜ் 'குறைந்த' மர்மமும் இதில்தான் இருக்கிறது. மீட்டருக்கு ரோடு தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். சரியான டயர் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 600 சுற்று சுற்றும். இந்தப் பெரிய டயருக்கு 550 சுற்றே போதும். மீட்டர் பழைய கணக்கிலேயே எண்ணுவதால் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. இதை நானே சோதித்தேன். திருப்பத்தூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லில் ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, பத்தாவது கல்லில் பார்த்தால் 9.2.

தூரம் குறைந்தால் வேகமும் குறைத்துத்தான் காட்டும். ஆபத்து இங்கேதான். பொதுவாக கார் கம்பெனிகள் ஸ்பீடோமீட்டரை உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைக்கின்றன. ஐநாவின் வாகன விதிகளில் 39-ஆம் விதி, மீட்டர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்றே சொல்கிறது. என் வண்டியில் முன்பு மீட்டர் 80 காட்டினால் போனில் மேப் 77 காட்டும். இந்த டயரோடு மீட்டர் 80 காட்டும்போது போனில் 84. கம்பெனி நம் பாதுகாப்புக்காக வைத்த இடைவெளி போய், மீட்டர் பொய் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டது. வேகத்துக்கு அபராதம் விழுந்தால் டயரைக் காரணம் காட்டித் தப்பவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவில் காருக்குக் குறைந்தபட்சமே 1,000 ரூபாய்.

கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் தயங்கவே இல்லை. "பெரிய டயர் போட்டா வண்டி தூக்கலா இருக்கும்ணே. உள்ள இருக்கற பிளாஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் அறுத்து விட்டுடலாம், உரசாது." டயர் பொருந்தவில்லை என்றால் காரை அறுக்கச் சொல்கிறார்! திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "ஓடின டயரை எப்படிண்ணே எடுக்கறது?" பில்லைக் காட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், பில்லில் "155 ஆர்13 – 4 டயர்" என்று மட்டும் இருந்தது. நடு எண்ணையே எழுதவில்லை.

அவர் ஏன் இதைச் செய்தார் என்பதற்கான பதிலும் டயரிலேயே இருந்தது. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என்னுடையவற்றில் இருந்தது 0921, அதாவது 2021-இன் ஒன்பதாவது வாரம். மூன்று வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்த சரக்கை, 'புது ஸ்டாக்' என்று சொல்லி முழு விலைக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்.

உங்கள் காரின் சரியான டயர் அளவும் காற்றழுத்தமும் டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டுவதற்கு முன்னால் டயரைக் கையால் திருப்பி மூன்று எண்களையும் வாசியுங்கள், அந்த நாலு இலக்கத்தையும் சேர்த்து. பில்லில் அளவு முழுசாக எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். சின்ன டயர் மாட்டிவிட்டாலும் கேடுதான். உரசாது, ஆனால் வண்டி தாழ்ந்து வேகத்தடையில் அடிவாங்கும், மீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்து எண்ணும். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு போடவே விடாதீர்கள். அது ஒவ்வொரு சக்கரத்தின் சுற்றையும் ஒப்பிட்டு வேலை செய்வது.

வேறு கடையில் 155/65 வாங்கி மாட்டிவிட்டேன். அதே கல்லிலிருந்து பத்தாவது கல் வரை ஓட்டிப் பார்த்தேன், மீட்டர் 10.0 காட்டியது. கழற்றிய நாலும் எங்கள் வீட்டு வளவில் கிடக்கின்றன. வேகன்ஆர்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. புகாருக்குச் சாட்சி அவைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தாகிவிட்டது. அடுத்து சிவகங்கையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். இதே மாதிரி நடு எண் இல்லாத பில் உங்களிடமும் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல், டயரின் படத்தோடு எனக்குச் சொல்லுங்கள்.