பூச்சிக்கொல்லி விரைவுச் சோதனை அட்டை: மாணவர் ஆய்வுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நகரத்துக்கு வந்து சேரும் காய்கறிகளில் நச்சு எச்சம் இருக்கிறதா என்று ஆராயப் புறப்படும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பூச்சிக்கொல்லி விரைவுச் சோதனை அட்டையைத்தான். பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்றாலும் உள்ளிருக்கும் வேதியியல் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இந்த மதிப்புரை எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று.

அட்டையில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு சிறு வட்டங்கள் இருக்கும். வெள்ளை வட்டத்தில் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியும், சிவப்பு வட்டத்தில் அந்த நொதி சிதைக்கக்கூடிய சாயப்பொருளும் உலர்நிலையில் ஏற்றப்பட்டிருக்கும். சுமார் 5 கிராம் இலையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, 10 மில்லி பஃபர் கரைசலில் (அமில-காரத் தன்மை எளிதில் மாறாத கரைசல்) நன்றாகக் குலுக்கி, சற்று நேரம் வைத்திருந்து, தெளிந்த நீரில் இரண்டு மூன்று சொட்டுகளை வெள்ளை வட்டத்தில் விட்டு, 37 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு இரு வட்டங்களும் ஒட்டும்படி அட்டையை மடித்து 3 நிமிடம் அழுத்திப் பிடித்தால், நொதி நல்ல நிலையில் இருக்கும்போது வெள்ளை வட்டம் நீலமாக மாறும். ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சு போதிய அளவு இருந்தால் நொதி முடங்கிவிடும், நீலம் தோன்றாது. கால் மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடுகிறது என்பதும், மின்கருவி இல்லாமலேயே சந்தையோரத்தில் வைத்துச் செய்யலாம் என்பதும் இதன் பெரிய பலங்கள்.

வெளிர்நீலம்தான் சிக்கல். ஒருவர் 'நீலம்' என்று குறிப்பதை அருகில் நிற்பவர் 'வெள்ளை' என்று குறிப்பார். மாதிரி சேர்க்காத பஃபர் கரைசலை மட்டும் இட்ட ஓர் அட்டையை ஒவ்வொரு சுற்றிலும் உடன் வைத்து, இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் அப்போதே படம்பிடித்துக்கொண்டால் இந்தத் தகராறு பெருமளவு தீரும். அறை குளிர்ந்திருந்தால் நொதியின் வேகம் குறைந்து, நஞ்சே இல்லாத மாதிரியும் நஞ்சுள்ளதுபோல் காட்டும். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, காளான் போன்றவற்றின் சாறே நொதியைத் தடுக்கக்கூடியது. இவற்றை நறுக்காமல் முழுதாகக் கரைசலில் அலசிப் பார்ப்பதே வழக்கம்.

இவையெல்லாம் பழகினால் சமாளிக்கக்கூடிய குறைகள். அட்டையின் விடையை ஆய்வேட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்பதே எனக்குக் கவலை தருவது. நொதி முடங்கியதா இல்லையா என்பது ஒன்றைத்தான் இந்த அட்டை சொல்கிறது. பைரித்திராய்டுகள், நியோனிக்கோட்டினாய்டுகள் என்ற வேறு இரு வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நரம்பில் வேறு இடங்களைத் தாக்குபவை. அவை எவ்வளவு இருந்தாலும் வட்டம் நீலமாகவே மாறும். ஆர்கனோபாஸ்பேட்டுகளிலும்கூட குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் போன்றவற்றின் மூலக்கூறில் பாஸ்பரசோடு கந்தகம் பிணைந்திருக்கிறது. உடலுக்குள் போய் அந்தக் கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறிய பிறகே அவை நொதியை வலுவாக முடக்குகின்றன; அட்டையில் அந்த மாற்றம் நடப்பதில்லை என்பதால் அவற்றை இது மந்தமாகவே உணர்கிறது. அளவும் இடிக்கிறது. சீனாவின் 2003ஆம் ஆண்டுத் தரநிலை விவரிக்கும் இந்த முறையின் கண்டறியும் எல்லை, அதாவது அட்டையால் உணரக்கூடிய மிகக் குறைந்த அளவு, நஞ்சைப் பொறுத்துக் கிலோவுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 3.5 மில்லிகிராம் வரை அமைகிறது. ஐரோப்பிய ஒன்றியம், தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரம்போ கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். வரம்பைப் போல் இருபது மடங்கு எச்சம் உள்ள கீரையும் இந்த அட்டையில் அழகாக நீலம் காட்டும்.

நிலைமை இப்படியிருக்க, உறைக்குள் வரும் செயல்முறைத் தாளில் நீலத்துக்கு எதிரே 'பாதுகாப்பானது' என்று அச்சிடுவதை விற்பவர்கள் நிறுத்த வேண்டும். மாணவர் அந்தச் சொல்லை அப்படியே முடிவுரைக்குக் கொண்டுபோய்விடுகிறார். 'கோலின்எஸ்டரேஸ் தடை காணப்படவில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத இந்த அட்டை இடம் தரவில்லை.

நிறைய மாதிரிகளிலிருந்து சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்தெடுக்கும் சல்லடையாக இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதியை உறைநிலையில் எடுத்துவைத்து, நீலம் தராதவை அனைத்தையும், நீலம் தந்தவற்றில் குலுக்கல் முறையில் எடுத்த சிலவற்றையும் நிறை நிறமாலைமானி (மூலக்கூறுகளின் நிறையைக் கொண்டு அவற்றை இனங்காணும் கருவி) உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது பங்கைத்தான் செலவு கருதிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அட்டை எத்தனை மாதிரிகளைத் தவறவிட்டது என்பது தெரியவே தெரியாது. ஈயம், காட்மியம் ஆகியவற்றைத் தேடுபவர்கள் இதை வாங்கவே வேண்டாம். இலைக்காய்கறிகளுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்புகள் முறையே கிலோவுக்கு 0.3, 0.2 மில்லிகிராம், அவற்றை அளக்க, மாதிரியை அமிலத்தில் செரித்து உலோகப் பகுப்பாய்வுக் கருவியில் இடுவதே வழி.

வாங்கும்போது காலாவதித் தேதியோடு, அட்டைகள் குளிர்நிலையில் அனுப்பப்படுகின்றனவா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெப்பத்தில் கிடந்த பொட்டலத்தில் நொதி செத்துப்போயிருக்கும். வெறும் பஃபர் கரைசலுக்கே நீலம் வராவிட்டால் அந்தப் பொட்டலம் முழுவதையும் ஒதுக்கிவிடலாம்.