கப்பலா, கணினியா? துருவக் கடல் ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

துருவக் கடலில் பிஎச்டி என்றதும் கண்ணுக்குள் வருவது பனியை உடைத்துக்கொண்டு போகும் கப்பல். சேரப் போனால் கைடு கேட்பது வேறு: கடலில் போய் அளக்கப் போகிறாயா, கணினியில் கடலை உருவாக்கிப் பார்க்கும் மாடலிங் பண்ணப் போகிறாயா?

கப்பலில் வேலையின் பெரும்பகுதி காத்திருப்பு. தண்ணீரின் உப்பு, வெப்பநிலை, ஆழத்தை அளக்கும் சிடிடி கருவியை நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் 4000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஏற்றவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். ராத்திரி ஷிப்ட் என்றால் அரைத்தூக்கத்தில்தான் நிற்க வேண்டும். கருவி மேலே வந்ததும், அதோடு போய் ஆழத்துத் தண்ணீரைப் பிடித்து வரும் நிஸ்கின் பாட்டில்களின் குழாய் உறைவதற்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும். கரைந்த வாயுக்களுக்கான தண்ணீரை முதலில் பிடிக்க வேண்டும், காற்றுப் பட்டால் அளவு கெட்டது. உப்புக்கான தண்ணீர் கடைசியில், அதுவும் சீசாவை மூன்று முறை அலசிவிட்டு. இத்தனை சள்ளை எதற்கு? அண்டார்டிகாவின் அடியாழத் தண்ணீர் பத்தாண்டுக்கு நூறில் சில பங்கு பாகைதான் சூடாகிறது. சென்சார் கொஞ்சம் பிசகினாலும் அந்த மாற்றம் காணாமல் போய்விடும்.

சிக்கல், இடம் கிடைப்பது. ஜெர்மனியிடம் 1982 முதல் போலார்ஷ்டெர்ன் என்ற பனியுடைக்கும் ஆய்வுக் கப்பல் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து புறப்பட்டு, ஆர்க்டிக் பனியில் உறைந்து அதனோடே மாதக்கணக்கில் நகர்ந்தது அதுதான். கோவாவில் உள்ள நம் துருவ ஆய்வு மையமான என்சிபிஓஆர் அண்டார்டிகாவுக்கு வாடகைக் கப்பலில்தான் ஆள் அனுப்பி வருகிறது. ஆக, வரிசை நீளம்.

ஆள் இல்லாமல் தானே கடலை அளக்கும் ஆர்கோ மிதவைகள் இருக்கின்றனவே என்பீர்கள். 2000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒரு முறை மேலே வந்து தரவு அனுப்பும். பனி மூடியிருந்தால் மேலே வர வழியில்லை. அதனால்தான் யானைச் சீல்களின் தலையில் சிடிடியை ஒட்டி அனுப்புகிறார்கள். ரோமம் உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும். இதைவிட நல்ல ஊழியர் எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

மாடலிங்கில் வரிசையும் இல்லை, குளிரும் இல்லை. பேப்பரும் சீக்கிரம் வரும். கற்ற ஃபோர்ட்ரான், பைத்தான் நிரல்மொழிகள் வெளியே வேறு வேலைக்கும் உதவும். குடும்பத்தை விட்டு இரண்டு மூன்று மாதம் போக முடியாதவர்களுக்கு இது சமரசம் இல்லை, நல்ல தேர்வு. ஆனால் ஏமாற்றவும் செய்யும். அடியாழத் தண்ணீர் உண்மையில் உருவாவது அண்டார்டிகாவின் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கண்டத்திட்டுகளில். பல காலநிலை மாடல்களோ அதைத் திறந்த கடலின் நடுவில் உருவாக்குகின்றன. 1974 முதல் 1976 வரை அண்டார்டிகாவை ஒட்டிய வெடெல் கடலில் பனி நடுவே பெரிய திறப்பு விழுந்து, மேல்தண்ணீர் குளிர்ந்து அங்கேயே ஆழத்துக்கு இறங்கியது. அந்த அபூர்வத்தை மாடல்கள் வாடிக்கையாக்கிவிட்டன. கணினித் திரையில் படம் அழகாகத்தான் இருக்கும்.

என் ஓட்டு: ஆய்வேடு மாடலிங்கில் இருக்கட்டும், ஒரு பயணமாவது கப்பலில். சேரும் முன்பே கைடிடம் இரண்டைக் கேட்டு, மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மூன்று வருடத்துக்குள் ஒரு பயணம் உறுதியா? அதில் எடுக்கும் தரவில் முதல் பேப்பர் யாருக்கு?