ரௌட்டரைப் பலப்படுத்துவதா, விபிஎன் போடுவதா?

ஆன்லைன் சூதாட்டக் கணக்கில் பணம் வைத்திருக்கும் பலருக்கும் வீட்டு வைஃபையை நினைத்தால் இந்தக் குழப்பம்தான். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை.

செலவு
ரௌட்டர்: அமைப்பை மாற்றக் காசு வேண்டாம். டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை) இல்லாத பழைய பெட்டி என்றால் புதிது வாங்க நேரலாம்.
விபிஎன்: சந்தா கட்ட வேண்டும். முன்பின் தெரியாத இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம்.

பாதுகாப்பு
ரௌட்டர்: 2004இல் வந்த முந்தைய முறையான டபிள்யூபிஏ2வில், போன் வைஃபையில் இணையும் தருணத்தைப் பதிவுசெய்துகொண்டு, கடவுச்சொல்லை ஆற அமர ஊகித்துப் பார்க்க முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைக்கிறது. அதைவிட நான் கவலைப்படுவது ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை (வைஃபை கடவுச்சொல் அல்ல, ரௌட்டர் அமைப்பை மாற்றக் கேட்பது) பற்றி. பெட்டியில் வந்ததையே விட்டு வைத்தால், உள்ளே நுழைந்தவர் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைக் கண்டுபிடிப்பது) அமைப்பை மாற்றி உங்களைப் போலித் தளத்துக்குத் திருப்பலாம். தயவுசெய்து இன்றே மாற்றுங்கள்.
விபிஎன்: போனிலிருந்து விபிஎன் சர்வர் வரை எல்லாம் பூட்டிய பெட்டிதான். ஆனால் உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போவதைப் பூட்டும் எச்டிடிபிஎஸ் ஏற்கெனவே உள்நுழைவு விவரங்களை மறைத்துவிடுகிறது.

சிக்கல்
ரௌட்டர்: ஒருமுறை செய்தால் போதும், அப்புறம் அப்டேட் மட்டும்.
விபிஎன்: பல சூதாட்டத் தளங்கள் இருப்பிடத்தைச் சரிபார்க்கும். விபிஎன் தெரிந்தால் கணக்கு முடங்கி, பணமும் மாட்டிக்கொள்ளலாம்.

ரௌட்டர் உங்கள் கையில் இருந்தால் அதையே பலப்படுத்துங்கள். விடுதி, பகிர்ந்த வீடு என்றால் விபிஎன் சரி, தளத்தின் விதி அனுமதித்தால் மட்டும். எதை எடுத்தாலும், இரண்டு படி உள்நுழைவையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டுவிடுங்கள். திருடிய கடவுச்சொல்லோடு ஒருவர் கணக்கில் நுழைவதை ரௌட்டராலும் விபிஎன்னாலும் தடுக்க முடியாது.