துபாய் – மதுரை: கீழக்கரையிலிருந்து பார்த்த பயணக் கணக்கு

துபாய்க்கும் மதுரைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,950 கி.மீ.; நேரடி விமானம் அதை நான்கு மணி நேரத்தை ஒட்டிக் கடந்துவிடுகிறது. சபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைப்புத் தேடி, போய் வருவதே வழக்கமான, ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரையின் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன் என்பதால், பல ஆண்டுகளாக இந்த வழித்தடத்தில் சென்று வருகிறேன். இணையத்தில் தொலைவுக் கணிப்பான்கள் காட்டும் இந்த இரண்டு எண்களும் சரியானவைதாம். ஆனால், எந்த விமானத்துக்கு டிக்கெட் எடுப்பது என்பதை அவை ஒருபோதும் தீர்மானிப்பதில்லை.

காரணம் எளிது. துபாயிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம் ஆகிய நான்கு விமான நிலையங்களுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டுப் பார்த்தால், நான்குமே 2,930 முதல் 2,950 கி.மீ.க்குள் அடங்கிவிடுகின்றன. வானத்தில் வேறுபாடு இல்லை. எல்லா வேறுபாடும் தரையில்தான். மதுரை விமான நிலையத்திலிருந்து கீழக்கரைக்கு ஏறத்தாழ 120 கி.மீ. சென்னையில் இறங்கினாலோ ஐந்நூறு கி.மீ.க்கு மேல் தரைவழியாக வரவேண்டும். கட்டணம் சற்றுக் குறைவு என்று சென்னை டிக்கெட் எடுப்பவர், மிச்சம் பிடித்த பணத்தோடு ஓர் இரவையும் சேர்த்தே சாலையில் செலவிடுகிறார்.

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை என்பதால் வண்டி தடையின்றி ஓடுகிறது. அதன் பிறகு ராமநாதபுரம் வரை இருவழிச் சாலையில், முன்னால் செல்லும் லாரியை முந்த இடம் பார்த்தபடியே வரவேண்டியிருக்கிறது. மேல் கேரியரில் கட்டிய அட்டைப்பெட்டிகளின் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று ஓட்டுநர் இறங்கிப் பார்ப்பதும், அப்படியே ஒரு தேநீர் குடிப்பதும் பெரும்பாலும் பரமக்குடியில்தான். இவற்றையும் குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பு ஆகியவற்றையும் கூட்டினால், பறந்த நேரத்துக்குச் சமமான நேரம் தரையிலும் கழிந்துவிடுகிறது.

கடிகாரமும் ஆளைக் குழப்பும். துபாய் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே, ஊருக்கு வரும் டிக்கெட்டில் உள்ள மணிகளை மட்டும் கழித்துப் பார்த்தால் பயணம் ஐந்தரை மணி நேரம் போலவும், திரும்பிச் செல்லும் டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம் போலவும் தோன்றும். வண்டி அனுப்பும் வாப்பாவிடம் நேரம் சொல்லும்போது, அது எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. காற்றினாலும் நேரம் சற்று மாறும்: குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் உயரத்தில் வீசும் மேலைக்காற்று வரும் விமானத்துக்கு உதவுகிறது, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் வீசும் கீழைக்காற்றோட்டம் போகும் விமானத்துக்குச் சாதகமாகிறது.

நேரடி விமானம் கிடைக்காத நாட்களில், சென்னையிலோ மும்பையிலோ மாறி மதுரைக்கு வரும் டிக்கெட்டை விட, திருச்சிக்கு நேரடியாக வருவதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். மாறும் இடத்தில் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைத்துவிட்டு உள்நாட்டு விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, தேவகோட்டை வழியாகப் பாதிக்கு மேல் ஊரை நெருங்கிவிடலாம். கைக்குழந்தையோடு வருபவர்களும் வயதானவர்களும் மட்டும், தேதியைச் சற்றுத் தள்ளிப்போட்டாவது மதுரைக்கே எடுப்பது நல்லது.